புழுவை விடுங்கள், இறாலைப் பாருங்கள்

வாசகர் கடிதம் (சுருக்கியது):

தலவாக்கலைக்கு அருகில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வீட்டு முன் அறையில் மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் அதேயளவு உயரமுமாக ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. வைத்துப் பதினான்கு மாதமாகிறது. கல் கூடு இல்லாத மென்முருகை மட்டும்தான்: மூன்று கொத்து ஸோவா (சின்னப் பூக்கள் போலக் கொத்தாக இருப்பது), ஐந்தாறு மஷ்ரூம், ஒரு லெதர். கடந்த ஆறு கிழமையாக ஸோவா குறைந்துகொண்டே வருகிறது. பச்சைக் கொத்தில் நாற்பதுக்கு மேல் பூக்கள் இருந்தன, இப்போது பதினொன்று. இரவில் விளக்கை அணைக்கும்போது சரியாக இருக்கும், காலையில் இரண்டு மூன்று காணாமல் போயிருக்கும். மஷ்ரூமின் ஓரங்களும் பிய்ந்திருக்கின்றன. லெதருக்கு ஒன்றும் இல்லை. ஓர் இரவு டோர்ச் அடித்துப் பார்த்தபோது வாடிய பூவின் மேல் விரல் நீள இளஞ்சிவப்புப் புழு ஒன்று இருந்தது. இதுவரை ஒன்பது புழுக்களைப் பிடித்து எறிந்துவிட்டோம்; ஆனாலும் நிற்கவில்லை. கண்ணாடியில் சின்னச் சின்ன நட்சத்திர மீன்களும் இருக்கின்றன. கடையில் செம்பு மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். என் மைத்துனர், கல்லை எடுத்துக் கொதிநீரில் போட்டால் எல்லாப் பூச்சியும் செத்துவிடும் என்கிறார். பீலித் தண்ணீரைக் கரி வடிகட்டியில் விட்டு உப்புக் கலக்கிறோம். ஒப்படர்த்தி 1.025. வெப்பநிலை பகலில் 26 பாகை, விடியற்காலையில் 23.5. திருகோணமலையில் வேலை செய்யும் தம்பி, அங்கிருந்து கல்முருகைத் துண்டு கொண்டுவரவா என்று கேட்கிறான். மீன்கள் மூன்றும், களைபோலப் பரவும் எய்ப்டேசியா என்ற கடல் அனிமனியைத் தின்பதற்காக இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய நான்கு பெப்பர்மின்ட் இறால்களும் நலமாக இருக்கின்றன. படங்கள் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். முதலில் உங்கள் மைத்துனரைத் தடுத்து நிறுத்துங்கள்.

ஸோவா ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிநீரில் போடுவதும் அதன்மேல் கொதிநீரை ஊற்றுவதும் தொட்டிக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இல்லை. வீட்டில் இருப்பவர்களின் மூச்சு சம்பந்தப்பட்ட விடயம் அது. ஸோவாவிலும், அதைவிட அதன் நெருங்கிய உறவான பாலித்தோவாவிலும், பாலிடொக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். ஹவாய்த் தீவுக் கதையொன்றில் ஈட்டி முனையில் தடவப்படும் நஞ்சு இது. 1971இல் அங்குள்ள ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கொதிக்க வைத்தால் அழியாது. ஆவியோடு எழுந்து அறை முழுவதும் பரவும். கல்லை அவித்த வீட்டில் குடும்பத்தோடு வைத்தியசாலைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் பலர். காய்ச்சல், நெஞ்சை அடைக்கும் இருமல், மூச்சுத் திணறல், தசை வலி, வாயில் உலோகக் கசப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். மாற்று மருந்து கிடையாது. எந்தக் கொத்தில் நஞ்சு அதிகம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. குளிருக்குக் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு அடுப்படியிலேயே குந்தியிருக்கும் நம் மலைநாட்டு வீடுகளில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்லைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொடவே வேண்டாம். தூரிகையால் தேய்க்க வேண்டாம். கொத்தைக் கசக்கினால் சில வேளை நீர் பீய்ச்சும்; முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். யாருக்காவது மேலே சொன்ன அறிகுறி வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய், “கடல் முருகை நஞ்சு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தோன்றப்போவதில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. வைத்தியர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

இனி உங்கள் திருடனுக்கு வருகிறேன்.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை புழுவைப் பற்றிய பகுதியில் நின்றேன். இரண்டாம் தடவை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியில் நின்றேன். நான்கு இறால்களும் நலமாக இருக்கின்றன என்கிறீர்கள். இருக்கத்தான் செய்யும்.

இந்த இளஞ்சிவப்புப் புழுவை, இரு பக்கமும் வெள்ளை மயிர் வரிசையாக நிற்பதால், நான் மயிர்ப்புழு என்றே சொல்வேன். கடலிலும் தொட்டியிலும் அதன் வேலை துப்புரவு. மிஞ்சிய தீனி, மீன் எச்சம், செத்த நத்தை, அழுகும் சதை எல்லாம் அதன் உணவு. வாடிய பூவின் மேல் அதைக் கண்டீர்கள். வாடிய பின் வந்ததா, வாட வைக்க வந்ததா என்பதுதான் கேள்வி. ஒன்பதைப் பிடித்த பிறகும் சேதம் நிற்கவில்லை என்று நீங்களே பதிலையும் எழுதியிருக்கிறீர்கள். உயிருள்ள முருகையைத் தின்னும் நெருப்புப் புழு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அதிகம் பேசப்படுவது அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் இருப்பது. அதன் உடலில் ஒவ்வொரு வளையத்திலும் சிவந்த கிளைக் கொத்துகள் போலச் செவுள் தெரியும். உங்கள் படத்தில் இருப்பது அதுவல்ல.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் கண்டியில் ஒரு விடுதியின் வரவேற்பறைத் தொட்டியைப் பார்க்கும் பொறுப்பு கிடைத்தது. முருகை ஒவ்வொன்றாகச் சுருங்கியது. இரவில் போய்ப் பார்த்தால் எல்லாவற்றின் மேலும் மயிர்ப்புழு. இரண்டு கிழமை உட்கார்ந்து பிடித்தேன். ஜாம் போத்தல் நிறைந்தது. முதலாளியிடம் போத்தலைத் தூக்கிக் காட்டிப் பெருமையும் பட்டேன். பிறகு நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழத் தொடங்கின. அப்போதுதான் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் நிரப்பும் வழியில் யாரோ ஒரு பித்தளை வால்வைப் பொருத்தியிருந்தார்கள். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. உப்புநீர் அதை அரித்து அரித்துத் தொட்டிக்குள் இறக்கியிருந்தது. புழுக்கள் பாவம், பிணம் எடுக்க வந்தவை. அவற்றையும் பிடித்து எறிந்ததால் அழுகியது அழுகியபடியே கிடந்து அமோனியாவும் ஏறியது.

அதனால் கடைக்காரர் சொன்ன செம்பு மருந்தை அலமாரியில்கூட வைக்காதீர்கள். மீனின் வெண்புள்ளி நோய்க்கு, மீனைத் தனித் தொட்டியில் விட்டு, லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற கணக்கில் போடும் மருந்து அது. அந்த அளவில் மீன் பிழைக்கும். முருகையும் இறாலும் நத்தையும் பிழைக்காது. கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பல மாதங்கள் கழித்தும் மெல்ல மெல்ல விடும். ஒரு தடவை ஊற்றிய தொட்டியில் மறுபடி முருகை வளர்ப்பது பெரும்பாடு.

செம்பைப் பற்றிப் பேசும்போது உங்கள் பீலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொழும்பில் இருப்பவர்கள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். தேயிலையின் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது 1946இல். அன்றிலிருந்து மழையும் மூட்டமும் உள்ள மாதங்களில் அதற்குச் செம்பு கலந்த பங்கசுநாசினி தெளிப்பது மலைநாட்டில் வழக்கம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேயிலைச் சரிவுக்குக் கீழே விழும் பீலியில், தெளித்த மறுநாள் மழை பெய்தால், என்ன கரைந்து வரும் என்று யோசியுங்கள். மனிதர் குடிக்கப் பாதுகாப்பான அளவு முருகைக்குப் பாதுகாப்பானதல்ல. கரி வடிகட்டியை நம்பிச் செம்பை விட்டுவிட முடியாது, நீரை நுண்சவ்வு வழியே வடிக்கும் ஆர்.ஓ. கருவியும் அதற்குப் பின் மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசினும் வேண்டும். அதற்குக் காசு சேரும்வரை, தெளிப்பு நடக்கும் கிழமைகளில் பீலி நீர் எடுக்காமல், முன்கூட்டியே பிடித்து வைத்த நீரைப் பாவியுங்கள்.

ஆனால் இந்தத் தடவை உங்கள் தொட்டியில் நடப்பது செம்பு வேலை இல்லை. இருந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியவை இறால்கள்.

ஒரு முருகை ஏன் கெடுகிறது என்று பார்க்க நான் முதலில் மருந்துப் பெட்டியையோ சோதனைக் குப்பிகளையோ திறப்பதில்லை. காயம் எந்த ஒழுங்கில் வருகிறது என்று பார்ப்பேன். நீரில் கோளாறு என்றால் தொட்டி முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்: ஸோவா மூடும், லெதர் சுருங்கும், நத்தை மந்தமாகும், எல்லாம் ஒரே நாளில். வெப்பமோ வெளிச்சமோ மிஞ்சினால் நிறம் போகும், சதை இருக்கும். 1998இல் ஹிக்கடுவையில் முருகைகள் வெளுத்தது இந்த வகை. கடல் சூடாகி, உள்ளே குடியிருந்து உணவு தந்த பாசிகள் வெளியேற, சதை கண்ணாடி போலாகி வெள்ளைக் கூடு தெரிந்தது. பட்டினியில் சாவு பிறகுதான் வந்தது. பக்கத்து முருகை கொட்டினால் அந்தப் பக்கத்து ஓரம் மட்டும் கருகும். குறிப்பிட்ட ஓர் இனத்தை மட்டும் எடுத்துச் சாப்பிட்டதுபோல இருந்தால், அதை மட்டுமே தின்னும் பூச்சி அதன்மேலேயே குடியிருக்கிறது என்று சந்தேகிப்பேன். இரண்டு மூன்று இனத்தில் கை வைத்து, கடினமானதை விட்டு மென்மையானதை எடுத்து, இரவில் மட்டும் நடந்தால், கால் உள்ள ஏதோ ஒன்று நடமாடுகிறது.

உங்கள் தொட்டியில் ஸோவாவும் மஷ்ரூமும் போயின. தோல் தடித்த லெதர் தப்பியது. எல்லாம் விளக்கணைந்த பிறகு. படங்களில் இன்னொன்றையும் கவனித்தேன்: பின்பக்கக் குகைக்குப் பக்கத்துக் கொத்துகள்தான் மொட்டையாகியிருக்கின்றன, முன்னால் நீரோட்டத்தில் நிற்கும் கொத்து ஓரளவு முழுசாக இருக்கிறது. நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குகை வாயிலில், கல்லுக்குப் பின்னால், ஓர் இறாலின் பாதி தெரிகிறது. முதுகு கூனியிருக்கிறது. கண் உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண். சிவப்பின் மேல் வெள்ளைக் கோடும் புள்ளியுமாகப் பின்னலிட்டதுபோல இருக்கிறது.

உண்மையான பெப்பர்மின்ட் இறால் அப்படி இராது. அது ஏறத்தாழ கண்ணாடி உடம்பு. அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். எய்ப்டேசியாவைத் தின்பதில் பேர் பெற்றது அமெரிக்கப் பக்கத்து அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் இனம். இங்கே வந்து சேரும்போது விலை கொஞ்சம் கூடவே இருக்கும். உங்களுக்குத் தரப்பட்டது கெமல் இறால் என்றே நினைக்கிறேன். இந்து சமுத்திரத்திலும் பசுபிக்கிலும் உள்ளது, கூட்டமாகக் குகையில் அடைந்து கிடப்பது, அழகானது, மலிவானது. இரண்டையும் ஒரே பெயரில் விற்பது கடைகளில் நெடுநாளாக நடக்கும் குழப்பம். வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அடையாளம் உறுதிப்பட வேண்டுமானால் கண்ணுக்கு நடுவில் முன்னால் நீளும் கொம்பைப் பாருங்கள். கெமல் இறாலுக்கு அது கீல் வைத்தது. மேலும் கீழும் ஆட்டும். மற்றதற்கு மண்டையோடு ஒட்டியது, அசையாது. தீனி போட்டு, அது கல்லுக்கு வெளியே வரும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கெமல் இறால் மீனோடு மட்டும் வாழும் தொட்டியில் சாதுவான பிராணி. ஸோவா, மஷ்ரூம் இருக்கும் தொட்டியில் இரவு முழுவதும் கொறிக்கும். எய்ப்டேசியாவையும் தொடலாம், தொடாமலும் விடலாம்.

ஆனால் நான் சொன்னதற்காக நான்கையும் பிடித்துத் தூக்கி எறிய வேண்டாம். புழுவுக்குச் செய்த அதே அவசர நீதியை இறாலுக்கும் செய்தவர்களாவோம். நீங்கள் விஞ்ஞான ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்து காட்டும் கட்டுப்பாட்டுச் சோதனைதான் இங்கேயும் வேண்டியது.

மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள், ஒன்றரை இரண்டு லீற்றர் அளவில். ஆணியைச் சூடாக்கி எல்லாப் பக்கமும் துளையிடுங்கள். நீர் ஓட வேண்டும், இறால் நுழையக்கூடாது. துளை மூன்று மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். ஓரங்களைத் தேய்த்துக் கழுவி, பச்சைக் கொத்தின் கல்லைக் கையுறையோடு எடுத்து அதற்குள் வைத்து, முன்பு இருந்த அதே வெளிச்சத்தில், நீரோட்டம் படும் இடத்தில் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே அமர்த்துங்கள். இரண்டாவது கொத்தை வெளியே விடுங்கள். ஒரு கொப்பியில் இரண்டு கொத்திலும் எத்தனை பூ என்று விளக்கணைக்கும்போது ஒரு தடவை, காலையில் தீனி போடும் முன் ஒரு தடவை எழுதுங்கள். ஐந்து இரவு. மூடிய பூவையும் எண்ணுங்கள். மூடியது காணாமல் போனது அல்ல.

வெளியே குறைந்து உள்ளே அப்படியே இருந்தால், திருடன் நடமாடுகிறான். அது அநேகமாக இறால். உள்ளேயும் குறைந்தால் என் ஊகம் பிழை, பூச்சி கொத்திலேயே ஒளிந்திருக்கிறது. அப்போது தேட வேண்டியவை மூன்று. ஸோவா தின்னும், ஓடு இல்லாத கடல் நத்தை ஒன்று உண்டு. தின்ற ஸோவாவின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொண்டு, முதுகில் விளிம்பு விளிம்பாகத் தொங்கவிட்டுப் பூவோடு பூவாக இருக்கும். அதைக் காண்பது கடினம், ஆனால் கொத்தின் அடியில் சுருளாக இட்டிருக்கும் வெள்ளை முட்டை நாடாவைக் காணலாம். அடுத்தது சூரியக் கடிகார நத்தை. தட்டையான கூம்பு ஓடு, கறுப்பு வெள்ளைக் கட்டம் வரிசையாகச் சுற்றி ஏறும். அழகுக்கு மயங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது கடல் சிலந்தி, நூல் போன்ற கால்கள், பெரிதாக்கும் கண்ணாடி இல்லாமல் தெரியாது. இவற்றில் எது இருந்தாலும் கொத்தைத் தொட்டி நீர் நிறைத்த வேறொரு பாத்திரத்தில், முருகைக்கென்று விற்கும் குளியல் மருந்தில், போத்தலில் எழுதிய நேரத்துக்கு மட்டும் முக்கி எடுக்க வேண்டும். அந்த நீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றக்கூடாது. முட்டைக்கு எந்தக் குளியலும் பலிக்காது. அதனால் முட்டையைக் கையால் சுரண்டி எடுத்து, ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள். ஒரே தடவையோடு விட்டவர்கள்தான் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

இன்னொன்று, கையும் களவுமாகப் பார்ப்பது. வெள்ளை டோர்ச் அடித்தால் இறால் ஓடிவிடும், நகராத புழு மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெசாக் கூடு ஒட்டி மிஞ்சிய சிவப்புச் செலோபேன் தாள் எந்த வீட்டிலும் கிடக்கும். இரண்டு மடிப்பாக டோர்ச்சின் முகத்தில் கட்டுங்கள். இறாலுக்கும் நண்டுக்கும் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, அறை விளக்கையும் போடாமல் போய், முதல் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு போங்கள்.

இறால்தான் என்று உறுதியானால் வலையால் துரத்த வேண்டாம், கல்லெல்லாம் சரியும். ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, உள்ளே ஒரு துண்டு இறாலோ நெத்தலியோ போட்டு, குகை வாயிலில் படுக்க வையுங்கள். பின்னேரத் தீனியை அன்று நிறுத்திவிடுங்கள். ஒரே இரவில் நான்கும் அகப்படாது, மூன்று நான்கு இரவு வையுங்கள். பிடித்ததைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது முருகை இல்லாத தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். பீலியிலோ ஓடையிலோ விடாதீர்கள்.

எய்ப்டேசியா அப்போது உங்கள் தலையில்தான் விழும். அதற்கு நான் பாவிப்பது சுண்ணாம்புப் பசை: சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டைக் கொஞ்சம் தொட்டி நீரில் குழைத்து, நீரோட்டப் பம்பை நிறுத்திவிட்டு, ஊசி போடாத சிரிஞ்சினால் எய்ப்டேசியாவின் வாய்மேல் மெதுவாக விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் செய்தால் நீரின் காரத்தன்மை ஏறிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தானே என்று கேட்பீர்கள். பொருள் அதுதான், சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. தென்மேற்குக் கரையில் ஒரு காலத்தில் முருகைக்கல்லையே சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்தப் பசையைக் கையில் எடுக்க எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

அந்தப் பேச்சோடு உங்கள் தம்பிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஒரு விரல் அளவு துண்டும் வேண்டாம். இலங்கைக் கடலிலிருந்து கல்முருகை எடுப்பது சட்டவிரோதம். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. கரை ஒதுங்கியது என்றாலும் பஸ்ஸில் கொண்டுவரும்போது அதை நிரூபிப்பது அவர் பாடு. கல்முருகை ஆசை வந்தால் அனுமதித் தாள்களோடு வருவதை மட்டும் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் கல்முருகை எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வருடம் இந்த ஸோவாவைக் காப்பாற்றிக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

கண்ணாடியில் இருக்கும் சின்ன நட்சத்திரங்களில் பெரும்பாலானவை கண்ணாடிப் படலத்தையும் பாசியையும் மேய்பவை. விட்டுவிடுங்கள். ஸோவாவின் மேலேயே ஏறி உட்கார்ந்து, எழுந்த இடத்தில் காயம் தெரிந்தால் மட்டும் அதை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

வெப்பநிலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 26இலிருந்து 23.5 என்ற இறக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பூக்களைக் காணாமல் போக வைப்பது அதுவல்ல. ஆயினும் தை மாதக் குளிரில் அது இன்னும் இறங்கும். ஒரு 200 வாற் சூடாக்கியை நம்புவதை விட இரண்டு 100 வாற் வையுங்கள். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும்; ஒன்று அணையாமல் நின்றுவிட்டாலும் ஒரே இரவில் தொட்டி வெந்துபோகாது. மின்வெட்டு வந்தால் போர்வையைத் தொட்டிக்கும் போர்த்துங்கள், மேலே மட்டும் திறந்து விடுங்கள். அதற்கு முன்பே பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்களில் மலைநாட்டுத் தொட்டிகள் கொழும்புத் தொட்டிகளைவிட முன்னால் மூச்சு முட்டின. குளிரை மட்டும் குறை சொல்லக்கூடாது. உங்கள் உயரத்தில், ஏறத்தாழ 1,300 மீற்றரில், காற்றழுத்தம் கடற்கரையை விட 14, 15 வீதம் குறைவு. நீர் பிடித்து வைக்கும் ஒட்சிசனும் அதே அளவு குறைவு. கொழும்பில் எழுதப்பட்ட கையேடு “இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்” என்றால், நீங்கள் அதில் பாதியை வைத்துக் கணக்கிடுங்கள்.

பிடிபட்ட புழுக்களுக்குக் கையுறை இல்லாமல் கை கொடுத்திருந்தால், விரலில் மயிர் குத்தியிருக்கும். ஒட்டுநாடாவை அந்த இடத்தில் ஒட்டி உரியுங்கள், மயிர் அதோடு வந்துவிடும். பிறகு வினாகிரி தடவினால் எரிச்சல் அடங்கும். இனிப் பிடிக்க வேண்டாம். மிஞ்சியவை தொட்டியிலேயே இருக்கட்டும்.

ஐந்து இரவுக் கணக்கு முடிந்ததும் அந்தக் கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். உள்ளே பதினொன்று பதினொன்றாகவே நின்றால், இறாலின் கொம்பு அசைகிறதா என்று மட்டும் அதன் அடியில் எழுதுங்கள்.